வண்ணப் படங்கள் குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பத்து நாட்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் இரண்டு படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒன்று, கைப்பேசித் திரையில் தெரியும் அறுபதாம் கல்யாணப் படம். மற்றொன்று, அதையே நம் கடையில் சாதாரணத் தாளில் அச்சிட்டது. திரையில் அரக்குச் சிவப்பாக இருக்கும் பட்டுப்புடவை தாளில் செங்கல் நிறமாகவும், முகங்கள் கருத்தும் வந்திருப்பது உண்மைதான்; அதற்கு வருந்துகிறோம். ஆனால் அதன் கீழே "மையில் தண்ணீர் கலக்கிறார்கள்" என்று எழுதியிருப்பதை எங்களால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் கலந்த மை வெளுக்கும். முகத்தைக் கருக்க வைக்காது. மேலும், மையைத் தாளில் தெளிக்கும் அச்சுத் தலையின் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. கண்டதை ஊற்றி அவை அடைத்துக்கொண்டால், தலையை மாற்றும் செலவில் மையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நாங்கள் ஊற்றுவது இயந்திரத்தைச் செய்த நிறுவனமே விற்கும் மைதான். காலிப் புட்டிகளைக் கேட்பவருக்குக் காட்டவென்றே எடுத்து வைத்திருக்கிறோம். அதே நாளில், அதே இயந்திரத்தில், அதே மையில், சட்டம் போட்டு மாட்டுவதற்காக அக்குடும்பத்தார் 270 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போட்டோ தாளில் எடுத்துச் சென்ற பெரிய படத்தை யாரும் குறை சொல்லவில்லை என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

வேறுபாடு தாளில் இருக்கிறது. போட்டோ தாளின் மேற்பூச்சு மையை மேலேயே பிடித்துவைக்கும். ஜெராக்ஸுக்குப் பயன்படும் சாதாரண 75 ஜிஎஸ்எம் தாளில் அப்பூச்சு இல்லாததால், மை நாருக்குள் இறங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. மைப் புள்ளிகள் பெருத்து, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள இடைநிறங்கள் கருக்கின்றன, கறுப்போ அடர்சாம்பலோடு நின்றுவிடுகிறது. திரை தானே ஒளிவிடுவது. தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தர முடியும். எனவே திரையில் காணும் அந்த அரக்கு இந்தத் தாளில் எவர் அச்சிட்டாலும் முழுமையாக வராது.

நெருங்கி வரச் செய்யலாம். இயந்திரத்தில் 'பிளெயின் பேப்பர்' என்று தேர்ந்தெடுத்து, அந்தத் தாளுக்கென உருவாக்கிய வண்ண ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி வரும் என்ற குறிப்புக் கோப்பை)ப் பயன்படுத்தி, வண்ணத் திருத்தத்தைப் படத்தைத் திறக்கும் மென்பொருள் அல்லது டிரைவர் (கணினியையும் அச்சு இயந்திரத்தையும் இணைக்கும் மென்பொருள்) ஆகிய இரண்டில் ஒன்றிடம் மட்டும் விட வேண்டும். இரண்டும் திருத்தினால் நிறம் கெடும். அச்சிடுமுன் படத்தின் இடைநிறங்களைச் சற்று வெளிச்சமாக்க வேண்டும். இந்தப் பக்குவமெல்லாம் கைவந்திருந்த, எங்கள் கடையில் வேலை பார்த்த தம்பி தை மாதத்தில் சொந்தத் தொழில் தொடங்கச் சென்றுவிட்டார், நன்றாக இருக்கட்டும். இடையில் தாளின் பிராண்டை மாற்றியபோது ப்ரொஃபைலை மாற்ற விட்டுப்போனதும் உண்டு, இப்போது மாற்றியாயிற்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசியின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்து அச்சோடு ஒப்பிட்டால் எந்த அச்சும் இருண்டுதான் தெரியும். பாதியாகக் குறைத்து, மை காயப் பத்து நிமிடம் விட்டு, கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரவிக்கைத் துணியையே கொண்டுவந்து ஒப்பிடும் அம்மாக்களும் உண்டு; தவறில்லை, ஆனால் கைப்பேசி எடுத்த படத்திலேயே அந்த நிறம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அது சுருங்காமல் வந்து சேரும். பத்துப் பிரதிகளுக்கு மேல் வேண்டுமானால், ஒரு மாதிரித் தாளைப் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே மற்றவற்றை அச்சிடுவோம். மாதிரிக்குக் கட்டணம் கிடையாது.

பள்ளிக்கூடச் செயல்திட்டத்திலிருந்து பேரன் பேத்தியின் காதுகுத்து அழைப்பு வரை எங்களிடமே கொண்டுவரும் நீங்கள், இந்தப் பத்து நாட்களிலும் வழக்கம்போல் வந்தீர்கள். சிலர் அக்குழுக்களிலேயே எங்களுக்காகப் பேசினீர்கள். அந்த அன்புக்கு மனமார்ந்த நன்றி. அறுபதாம் கல்யாணம் கண்ட தம்பதியருக்கு எங்கள் வணக்கம். அவர்களுக்குரிய நாற்பது படங்களையும் கட்டணமின்றி மீண்டும் அச்சிட்டு வைத்திருக்கிறோம், வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்