425 கோடி எங்கே போச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்.

துறைமுகத்தில் 31 ஆண்டுகள் சரக்குப் பெட்டி எண்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன் நான். இப்போது சனிக்கிழமைதோறும், உயர்நிலை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியோடு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண், ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் காரணி எல்லாம் இந்த ஆண்டுதான் அவளுக்குப் பாடம். போன வாரம் நாங்கள் எடுத்துக்கொண்ட எண் 4294967297.

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பள்ளியில் பில்லியன், மில்லியன் என்றே பழகியவளுக்கு இதைத் தமிழில் தடுமாறாமல் சொல்ல மூன்று முறை ஆனது.

32 இரண்டுகளை எழுதிப் பெருக்கி ஒன்று கூட்டினால் இந்த எண் வரும். 3, 5, 17, 257, 65537 ஆகியவை இதன் முன்னோர். முந்தியவற்றை எல்லாம் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும்: 3×5+2=17, 3×5×17+2=257. ஐந்துமே பகா எண்கள். அதனால் இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். துறைமுகத்தில் ஐந்து பெட்டி சரியாக இருந்ததென்று ஆறாவதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஃபெர்மாவின் ஆறாவது எண்ணான இந்த 4294967297, 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732ல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் காட்டினார். இதை வகுக்கும் பகா எண் எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577 என்று நான்கைத் தாண்டியதும் 641 வந்துவிடுகிறது.

பேத்தி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வகுத்தாள். 4294இல் ஆறு முறை, மீதி 448. 9ஐ இறக்கினால் 4489, ஏழு முறை, மீதி 2. அடுத்து 6ஐ இறக்கினால் 26, 7ஐ இறக்கினால் 267. இரண்டிலும் 641 போகாது, ஈவில் இரண்டு சுழியம் போடவேண்டும். அவள் போடவில்லை. "மீதி வரல தாத்தா" என்று 67417ஐக் காட்டினாள். நான் தப்பென்று சொல்லவில்லை, பெருக்கிப் பார் என்றேன். 43214297 வந்தது. "425 கோடி எங்கே போச்சு?" என்று அவளே பதறித் தேடி அந்த இரண்டு சுழியங்களைக் கண்டுபிடித்தாள். விடை 6700417. அந்த முகத்தை எந்தக் கால்குலேட்டரும் எனக்குக் காட்டியிருக்காது.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு பெரிய எண்ணைத் தமிழ்ப் பெயரோடு வெளியிடுங்கள். பக்கத்தில் வகுத்துப் பார்க்க வெற்றிடமும் விடுங்கள். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் தமிழில் பேசிக்கொண்டே போடட்டும்.

அடுத்த எண்ணை நானே தருகிறேன்: 18446744073709551617. இதை 274177 வகுக்கும். நாங்கள் வரும் சனிக்கிழமை தொடங்குகிறோம், இம்முறை நீளமான தாளோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்