எங்கள் ஜெப ஆலயத்தின் ஆண்டறிக்கை, 5785 (2024–2025)

பெரியோர்களுக்கும் சபை உறுப்பினர் அனைவருக்கும் ஷாலோம்.

2024 அக்டோபர் 2 மாலை பிறந்து, 2025 செப்டம்பர் 22 மாலை முடிந்த, நம் யூத நாட்காட்டியின் 5785ஆம் ஆண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மழைக்கு முன் கூரை ஒழுக்கு அடைக்கப்பட்டது, பெண்கள் மாடத்தின் மின்விசிறிகள் மாற்றப்பட்டன. கட்டடம் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களை முதலில் நினைத்துக்கொள்வோம். அவர்களுக்காகக் கதீஷ் என்னும் நினைவு ஜெபத்தைச் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டியிருந்தது. இந்த அறிக்கையில் நான் அதிகம் பேசப்போவதும் அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான்.

நம் பிள்ளைகளில் பலர் இஸ்ரேலில் இருக்கிறார்கள். மும்பையிலேயே இருப்பவர்களிலும் பல குடும்பங்கள் தாணேக்குக் குடிபோய்விட்டன. சனிக்கிழமை காலையில் மின்யான், அதாவது தொழுகைக்கு வேண்டிய அந்தப் பத்துப் பேரைக் கூட்ட, தொழுகை நடத்தும் நம் ஹசான் ஒவ்வொரு வாரமும் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். இந்த ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகள் பத்துப் பேர் சேரவே இல்லை. பேழையைத் திறக்கவில்லை, அதிலிருந்து மோசேயின் ஐந்தாகமமான தோராச் சுருளை எடுக்கவில்லை. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து அவரவர் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்த இரண்டு காலைகளும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். நமக்கு நிரந்தர ரபி கிடையாது. அதனால் வாராவாரம் அந்த வாரத்துத் தோராப் பகுதியான பராஷாவைப் பற்றி நம்மில் ஒருவரே பத்து நிமிடம் பேசுவது, தொழுகை முடிந்து கீழறையில் உலர்திராட்சை சர்பத் கொடுக்கும்போது பேசுவது, ஆண்களும் பெண்களும் பேசலாம் என்பதே அந்தத் தீர்மானம். மூன்று வாரத்துக்கு முன்பே ஆளைக் குறித்துவிடுவோம். ஹசான் மராத்தி மொழிபெயர்ப்பைக் கொடுத்து, கேட்டதை விளக்குவார். அப்புறம் பேசுகிறவர் தன் பிழைப்பிலும் வாழ்க்கையிலும் கண்டதைக் கொண்டு பேசவேண்டும். ஓய்வுநாளான சபாத்தில் எழுதக்கூடாது, ஒலிப்பதிவும் கூடாது. எனவே சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்த பிறகு பேசியவருக்கே போன் செய்து, கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அலுவலக அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

மே 3 அன்று தஸ்ரியா, மெட்ஸோரா இரண்டும் சேர்ந்து வந்தன. தோல் நோய், தீட்டு, பாளயத்துக்கு வெளியே வைப்பது என்று போகும் பகுதிகள். யாரும் பேச முன்வரவில்லை. கடைசியில் நர்சாக இருக்கும் நம் சகோதரி ஒருவர் ஒத்துக்கொண்டார். அவர் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டார்: நோயாளி ஆசாரியனிடம் வரவேண்டும் என்று ஆரம்பிக்கும் இடத்திலேயே, ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. “வரமுடியாதவரைத் தேடி நாம்தான் போகவேண்டும்” என்றார். அடுத்த ஞாயிறு முதல் படுக்கையில் இருக்கும் நம் முதியோர் வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போய்வருகிறோம். இதற்கென்று தனியாகக் குழு அமைக்கவில்லை, தீர்மானமும் போடவில்லை. அந்தப் பேச்சே போதுமாக இருந்தது.

ஜூலை 26 பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். அன்றைய மசேய் பகுதியில் எண்ணாகமம் 33ஆம் அதிகாரம் வருகிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்டதிலிருந்து யோர்தான் கரை வரை இஸ்ரவேலர் பாளயமிறங்கிய 42 இடங்களின் பெயர்கள். ராமசேசை விட்டுப் புறப்பட்டு சுக்கோத்தில் இறங்கினார்கள், சுக்கோத்தை விட்டுப் புறப்பட்டு ஏத்தாமில் இறங்கினார்கள் என்று நீண்டுகொண்டே போகும். பேசியவர் மத்திய ரயில்வேயில் லோக்கல் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா என்று தன் வாழ்நாள் முழுவதும் தானும் இப்படி ஒரு பட்டியலோடுதான் வாழ்ந்ததாகச் சொல்லி ஆரம்பித்தார். மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே, 1796இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் கட்டிய நம் முதல் ஜெப ஆலயத்தால்தான் என்று நம் வீடுகளில் சொல்லும் பேச்சையும் நினைவுபடுத்தினார். நம் முன்னோர் ஜெப ஆலயத்தையும் மசூதி என்றே சொல்லிவந்தவர்கள்.

பிறகுதான் தேதியைச் சொன்னார். சரியாக 20 ஆண்டுகளுக்கு முன், 2005 ஜூலை 26. சாண்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அவர் வண்டி சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே நின்றுவிட்டது. இருட்டில் பயணிகளை இறக்கித் தண்டவாளத்தோடு நடத்திக் கூட்டிப்போனார். நோயுற்ற மகனைத் தூரதேசம் கொண்டுபோய்க் குணமாக்கித் திரும்பும் அரசன், வழியெல்லாம் “இங்கே தூங்கினோம், இங்கே உனக்குத் தலைவலி வந்தது” என்று எண்ணிக்காட்டினான் என்று பழைய வேத உரையாசிரியர் ராஷி இந்த அதிகாரத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். பெரியவர் அதைச் சொல்லி நிறுத்தினார். உடனே கீழறையில் இருந்த ஒவ்வொருவரும் அந்த இரவில் தாம் எங்கே நின்றோம், யார் வீட்டு மாடியில் தேநீர் கிடைத்தது, எங்கே செருப்பு போனது என்று சொல்லத் தொடங்கினார்கள். அன்று மதியம் வரை யாரும் எழுந்து போகவில்லை. வெகுநாளாக வராமல் இருந்த இரண்டு குடும்பங்கள் அதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரம் வந்தன.

திருநாள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் 2024 அக்டோபர் 12 அன்று, தசராவோடு சேர்ந்து வந்தது. கதவடைப்புத் திருநாள் என்று நம் பாட்டிமார் சொல்லும் நாள். தெருவெல்லாம் மேளம். நாங்கள் போய்க் கேட்டதும், நம் கடைசித் தொழுகை முடியும்வரை தெருப்பிள்ளைகள் மேளத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்குச் சபையின் நன்றி. பிப்ரவரி 13, மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் அன்று படகேறி அலிபாக் பக்கம் கண்டாலா போனோம். எலியா தீர்க்கதரிசியின் தேர்த்தடம் என்று முன்னோர் போற்றிய பாறையருகே அவல், வெல்லம், தேங்காய் கலந்து மலீதா வைத்து “எலியாஹு ஹனபி” பாடினோம்.

பஸ்கா இந்த முறை கடினம். ஏப்ரல் 12, சனிக்கிழமை இரவே பஸ்கா விருந்தான செதேர். அதனால், பஸ்காவில் வீட்டில் இருக்கக்கூடாத புளித்த மாவை வியாழன் இரவே தேடி முடித்தோம். சபாத் ரொட்டியை அதிகாலையிலேயே சாப்பிட்டு முடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் குறித்த தாள் கொடுத்த மகளிர் குழுவினர் இல்லாவிட்டால் திண்டாடியிருப்போம். இப்படி ஒரு சேர்க்கை இனி 2045இல்தான். அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்று இந்த நாற்காலியில் இருப்பவருக்கு உதவும்.

ஹசானுக்கும், காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் காவலாளிக்கும், சர்பத்துக்குத் திராட்சை ஊறவைத்த கைகளுக்கும் நன்றி.

நேற்று, அக்டோபர் 18, தோராவின் முதல் பகுதியான பெரேஷித்தோடு வாசிப்புச் சுற்று மறுபடி தொடங்கிவிட்டது. வரும் சனிக்கிழமை நோவா. பேச ஒத்துக்கொண்டவர் அவசரமாக வெளியூர் போகவேண்டியதாகிவிட்டது. வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல இந்த அறையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று ஜூலையில் தெரிந்துகொண்டேன். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்து பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்