கால்சியத்துக்கு வட்டம் போட்ட தங்கச்சிக்கும் மற்றவர்களுக்கும்

கழுத்தில் பெருத்திருந்த ஒரு சுரப்பியை எடுத்த ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. கழுத்துத் தழும்பு மடிப்போடு மடிப்பாகிவிட்டது. இந்த மடலைத்தான் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

முதல் நன்றி, எங்கள் தெருமுனை லேபில் ரத்தம் எடுக்கும் தங்கச்சிக்கு. ரிப்போர்ட்டில் சர்க்கரையையும் கொழுப்பையும் மட்டும் பார்க்கிற ஆள் நான். "அண்ணே, கால்சியம் 11.4 இருக்கு. போன தடவையும் கூடத்தான் இருந்துச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். 10.5-ஐத் தாண்டக் கூடாதாம். அதற்கு முன் வேறொரு இடத்தில் பிரஷர் மாத்திரை ஒன்று, இரண்டு, மூன்று என ஏறியது. நடுவில் இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தும், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் அம்மா அவசரப்படவில்லை. மூன்று மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் போகவைக்கும் வகை. அதுவே கால்சியத்தைக் கொஞ்சம் ஏற்றும் என்று முதலில் அதை மாற்றினார். சில வாரம் கழித்தும் இறங்கவில்லை. பி.டி.எச். என்று, பாராதைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோனைப் பார்த்தால் 168, 65-க்குள் இருக்க வேண்டியது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதில் ஒன்று பெருத்து, எலும்பில் இருக்கும் கால்சியத்தை ரத்தத்தில் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சிறுநீரகக் கல் வந்ததும் அதனால்தானாம்.

சர்ஜன் சார் ஆசை காட்டவில்லை. "கால்சியம் கூடினா ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்குத்தான் பிரஷர் குறையும். நாம கல்லுக்காகத்தான் செய்யறோம்" என்றார். சுரப்பியை எடுத்த பத்தாவது நிமிடம் ரத்தம் எடுத்து, பி.டி.எச். பாதிக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே தையல் போட்டாராம்.

மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பக்கவாதம்தான் என்று முடிவுகட்டி மனைவியை எழுப்பிவிட்டேன். நைட் டூட்டி சிஸ்டர் சிரிக்காமல், ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் இறங்கினால் இப்படி இருக்கும் என்று கால்சியம் மாத்திரை கொடுத்து, விடியும்வரை வந்து வந்து "விரல் மரத்திருக்கா?" என்று கேட்டார். அந்தக் குரலை மறக்க மாட்டேன். கஞ்சி பிளாஸ்கோடு அலைந்த மனைவிக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், சொல்லாவிட்டாலும் திட்டுவாள்.

இப்போது பிரஷருக்கு ஒரே மாத்திரை. போன ஞாயிறு 130-க்கு 84. அளக்கிற மிஷின் பக்கத்து வீட்டு மாமாவுடையது. நீயே வைத்துக்கொள் என்கிறார். வேண்டாம் மாமா, ஞாயிற்றுக்கிழமை காபி போய்விடும்.