அட்டையில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பன்னிரண்டு வருடமாக எழுதிய புத்தகம் போன வாரம் கைக்கு வந்தது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

வேலை தேடி அமெரிக்க நகரங்களுக்கு வந்த இளைஞர்களை ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் எப்படி ‘நல்ல ஆண்பிள்ளை’யாக வார்க்கப் பார்த்தது என்பதே என் ஆராய்ச்சி. 1851-ல் பாஸ்டனில் சல்லிவன் என்ற முன்னாள் கப்பல் கேப்டன் அமெரிக்காவின் முதல் கிளையைத் தொடங்கினார். பைபிள் வகுப்பும் ஜெபக்கூட்டமுமாக இருந்த சங்கத்துக்குள் அப்புறம் உடற்பயிற்சிக்கூடமும் நீச்சல்குளமும் வந்தன. பக்தி என்றால் பெண்கள் சமாசாரம் என்று ஆண்கள் ஒதுங்குகிறார்களே என்ற கவலை அன்றைய போதகர்களுக்கு நிறையவே இருந்தது. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக்கூடத்து மாடத்தில் மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கியது, ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி ஒன்றில்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் பள்ளியில் எனக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்த மாஸ்டர். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மாணவர் அவர். “சாமி கும்பிடுற சங்கத்துக்குப் பந்து எதுக்கு சார்?” என்று கேட்டேன். “நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ” என்றார். மாஸ்டர், அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடமும்.

மினசோட்டா பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் ஊழியர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மிசிசிப்பி ஆற்றங்கரைப் பாறையைக் குடைந்து கட்டிய கிடங்கில் ஒய்.எம்.சி.ஏ.வின் பழைய தாள்கள் இருக்கின்றன. வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான் அனுமதி. கேட்ட பெட்டியைக் கொண்டுவந்த அக்கா ஒருவர், கேட்காத இன்னொன்றையும் சேர்த்து வைத்தார்: “இதையும் பார்த்துடுங்க.” மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

சிகாகோவில், தெற்கு மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த கறுப்பின இளைஞர்களுக்கு வெள்ளையர் கிளைகளில் அன்று இடமில்லை. அவர்களுக்காக 1913-ல் வபாஷ் அவென்யூ கிளை திறந்தது. செல்வந்தர் ஜூலியஸ் ரோசன்வால்ட் தந்த 25,000 டாலரோடு, அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் கொடுத்த சிறு தொகைகளும் அதில் இருந்தன. 1915-ல் வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் கறுப்பின வரலாற்றுக்கான சங்கத்தைத் தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான். ரோசன்வால்ட் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்தச் சிறு தொகைகளைத்தான் நான் தேடினேன்.

அப்போது அந்தப் பகுதியின் தேவாலயத்தில் ஒரு பாட்டியம்மா தன் கைப்பையைத் திறந்து, தந்தையின் உறுப்பினர் அட்டையைக் காட்டினார். ஓரமெல்லாம் மழுங்கி, மடித்த கோட்டில் இரண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. “ரயிலில் இருந்து இறங்கிய ராத்திரி அப்பா படுத்த இடம் அது” என்றார். சுத்தமான போர்வை கிடைத்ததைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆண்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான் அந்தப் போர்வையை யோசித்ததே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன்.

ஒவ்வொரு வரைவையும் முதலில் படித்த என் மனைவிக்கும், வகுப்பில் என்னை விடாமல் கேள்வி கேட்ட மாணவர்களுக்கும் நன்றி.

பாட்டியம்மாவுக்கும் மாஸ்டருக்கும் ஆளுக்கொரு பிரதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். காப்பகத்து அக்காவுக்கு அடுத்த மாதம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்