நீ அனுப்பிய வெள்ளைப் பவளப் படம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து, படகில் ஏறி இறங்கும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய செய்தி. பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு அவள் நிற்கும் படத்தை எல்லோரிடமும் காட்டினேன். இங்கே நலம். இவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் புது வேலையில் சேர்ந்துவிட்டான். எனக்குப் பொழுது படிப்பில்தான் போகிறது. விலங்கியல் வகுப்பில் பிடித்த கிறுக்கு இந்த வயதிலும் விடவில்லை.

அதனால்தான் உன் படங்களில் ஒன்று என்னை வேறு எதையும் யோசிக்கவிடவில்லை. தண்ணீருக்கடியில் எடுத்தது. "எவ்வளவு அழகு பார், எல்லாம் வெள்ளை வெளேரென்று" என்று எழுதியிருந்தாய். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பவளங்கள் பட்டினியில் இருக்கின்றன, வசந்தா.

நாம் படித்ததுதான். பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. ஜெல்லிமீனுக்கு உறவுக்கார இனமான சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் வீடு அது. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைப் பிடித்து உணவாக்கி, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை அவைதான் கொடுக்கின்றன. சில இனங்களில் இது 90 சதவீதம் வரை போகும். பழுப்பும் பச்சையுமாக நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பகுதி அந்தப் பாசியுடையது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக, நாலைந்து வாரம் கடல் சூடாக இருந்தால் போதும், இந்த உறவு முறிந்துவிடும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணாடி போன்ற தசையும், அதன் ஊடாகத் தெரியும் சுண்ணாம்பு எலும்பும்தான். நீ படம் எடுத்த வெண்மை அதுதான். இதைத்தான் வெளிறல் என்கிறார்கள்.

உடனே செத்துவிடுவதில்லை. சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பக் குடியேறும், பவளமும் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் பட்டினியால் சாகும். பிறகு அதன் மேல் வேறு பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும். அப்போது யாரும் படமெடுக்க மாட்டார்கள். சில பவளங்கள் வெளிறும்போது, வெயிலிலிருந்து தப்பிக்கத் தங்கள் உடலிலேயே நிறமியைக் கூட்டிக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவுமாக மின்னும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் செழிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "புயல், பூகம்பம், நட்சத்திர மீன் எல்லாம் மனுஷன் பிறக்கும் முன்னமே இருந்ததுதானே, அதையெல்லாம் தாங்கித்தானே வந்திருக்கிறது, இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. சும்மா தட்டிக்கழிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இயற்கை பவளத்திடம் ஒருபோதும் தயவு காட்டியதில்லை. 2004 டிசம்பரில் சுனாமியைக் கிளப்பிய அதே நிலநடுக்கம், வட அந்தமான் பக்கம் கடலடியைத் தூக்கிவிட்டது. பவளத் திட்டுகள் முழுசாகத் தண்ணீருக்கு மேலே வந்து, வெயிலில் காய்ந்து செத்தன. பெரும் புயல் ஒன்று கிளைப் பவளக் காட்டை ஒரே இரவில் சல்லியாக்கிவிடும். முள்முடி நட்சத்திர மீன் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றையே வாய்வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் பரப்பி, அங்கேயே கரைத்துக் குடிக்கும். வளர்ந்த ஒன்று வருஷத்துக்குச் சுமார் 10 சதுர மீட்டர் பவளத்தைத் தின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பைப் பங்கு பிரித்துப் பார்த்த ஆய்வில் புயலுக்கு 48 சதவீதம், நட்சத்திர மீனுக்கு 42, வெளிறலுக்கு 10 என்று வந்தது. உன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த எண்களைப் பார்க்கிறவர்கள், இது இயற்கையின் வேலை என்று புத்தகத்தை மூடிவிடலாம்.

ஆனால் அந்த நட்சத்திர மீன் ஏன் திடீரென்று கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது? ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டை விடும். வழக்கமாக அதன் குஞ்சுகளில் கிட்டத்தட்ட எல்லாமே இரையில்லாமல் செத்துப்போகும். வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து ஆற்று வழியாகக் கடலுக்கு வந்தால், மிதவைப் பாசி பெருகும். குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. கூடவே, வளர்ந்த நட்சத்திர மீனை வேட்டையாடும் பெரிய ட்ரைட்டன் சங்கை அலங்காரத்துக்காக அள்ளி எடுத்துத் தீர்த்துவிட்டோம். பெருக்கத்துக்கு இவை இரண்டும் முக்கியக் காரணங்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அந்த 42 சதவீதத்தை எந்தக் கணக்கில் எழுதுவாய்?

எனக்கு இதில் மிகத் தெளிவாகப் புரிந்தது இரண்டு திட்டுகளின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

முதலாவது ஜமைக்கா. பல தலைமுறைகளாக மீன் பிடித்துப் பிடித்து, பாசி மேயும் கிளிமீன் போன்றவை அங்கே அருகிப்போயிருந்தன. ஆனாலும் பவளம் நன்றாகவே இருந்தது. மீன் போன இடத்தில் நீள முள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் பெருகி, அவை பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 1980இல் ஆலன் என்ற புயல் வந்து திட்டை நொறுக்கிப் போட்டது. அதற்குப் பிறகும் இளம் பவளங்கள் துளிர்க்கத் தொடங்கின. பிறகு 1983இல் பனாமா பக்கம் ஒரு நோய் கிளம்பி, ஏறத்தாழ ஓராண்டுக்குள் கரீபியன் கடல் முழுக்க அந்த முள்ளெலிகளை வாரிக்கொண்டு போனது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்தன. மேய ஆளில்லை. பாசி எழும்பி, துளிர்த்த பவளத்தையெல்லாம் மூடிவிட்டது. 1977இல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1993இல் 3 சதவீதம். பாசி 4 சதவீதத்திலிருந்து 92.

புயல் இயற்கை. முள்ளெலிக்கு வந்த நோயும் யாரும் வேண்டுமென்று பரப்பியதல்ல. மனிதன் செய்தது, அதற்கு வெகு காலம் முன்பே மீனைத் தீர்த்தது மட்டும்தான். திட்டு எழுந்து நிற்க முடியாமல் போனதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, மேற்கு ஆஸ்திரேலியாவின் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித் தனித்துக் கிடக்கும் ஸ்காட் திட்டு. 1998இல் வந்த கடும் வெப்பத்தில் அங்கே பெரும்பாலான பவளம் செத்தது. பக்கத்தில் வேறு திட்டு இல்லாததால், வெளியிலிருந்து பவளக் குஞ்சுகள் மிதந்து வரவும் வழியில்லை. இனி எழாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் 9 சதவீதத்துக்குச் சரிந்த பரப்பு, 12 ஆண்டுகளில் 44 சதவீதமாகத் திரும்பி வந்தது. அங்கே ஆற்றுச் சேறு இல்லை, உரம் இல்லை. பாசி மேயும் மீன்கள் நிறைய. பிழைத்த பவளங்களே குஞ்சு பொரித்து, சுத்தமான பாறையில் ஒட்டி வளர்ந்தன. இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது! ஜமைக்காவின் கதையை வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, விட்டுவைத்தால் பவளம் மீளும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பவளத்துக்கு அடி புதிதல்ல. அடி விழுந்த பிறகு எழுவதற்கு அதற்கு அவகாசமும், மேய்கிற மீனும், தெளிந்த நீரும் வேண்டும். அந்த மூன்றையும்தான் நாம் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். அவகாசத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். உலகின் பல பகுதிகளில் நூறு திட்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டு 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கடுமையாக வெளிறியது. 2016 வாக்கில் அந்த இடைவெளி 6 ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. வேகமாக வளரும் கிளைப் பவளம்கூடத் திரும்பி நிற்கப் பத்துப் பதினைந்து ஆண்டு கேட்கும். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் உருண்டைப் பவளத்தின் நிலையை நீயே யோசித்துக்கொள். நான் மகிழ்ந்து கொண்டாடிய அந்த ஸ்காட் திட்டையும் 2016இல் வெப்பம் மறுபடி தாக்கியது.

உலகளாவிய வெளிறல் என்று பதிவானவை 1998, 2010, 2014 முதல் 2017 வரை. பிறகு 2023இல் தொடங்கியது நான்காவது. அதில், 2025 வசந்தகாலக் கணக்குப்படி, உலகத் திட்டுகளில் 84 சதவீதம் வெளிறும் அளவுக்கான வெப்பத்தைச் சந்தித்திருக்கிறது. உலகின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி கூடினால் வெப்பக் கடல் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியானால் 99க்கு மேல் போகும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018இலேயே எழுதிவிட்டது. அந்த அரை டிகிரியில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது பார். எப்படியும் அழியத்தான் போகிறது என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பத்தில் ஒன்றோ மூன்றோ தப்புவதும், நூற்றில் ஒன்றுகூடத் தப்பாததும் ஒன்றாகிவிடுமா?

நேரடியாகக் கைவைப்பதும் ஒழிந்தபாடில்லை. வெடி வைத்து மீன் பிடிப்பது, சயனைடு தெளித்து அலங்கார மீனை மயக்கிப் பிடிப்பது, துறைமுகத்துக்காகத் தூர்வாரிச் சேறு கிளப்புவது, நங்கூரத்தைத் திட்டின் மேலேயே போடுவது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. அதற்கு அந்த வெட்டும் ஒரு முக்கியக் காரணம். நல்ல திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைக்கு வரும் முன்னே அடக்கிவிடும். அதை வெட்டி எடுத்தால் பின்னாலிருக்கும் மண் எப்படி நிற்கும்?

பேத்தியின் வெயில் களிம்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். பவளத்துக்குக் கெடுதி என்று சில ரசாயனங்கள் கொண்ட களிம்புகளைப் பலாவ் 2020 முதலும், ஹவாய் 2021 முதலும் தடைசெய்துவிட்டன. அந்த ரசாயனங்களில் ஒன்றான ஆக்ஸிபென்சோன் இல்லாததாகப் பார்த்து வாங்கு. கை நீண்ட நீச்சல் சட்டை போட்டுவிட்டால் களிம்பே பாதி தேவைப்படாது. ஆனால் இதை மட்டும் செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்காதே. கடலின் சூட்டுக்கு முன்னால் இது சிறு விஷயம். அதைவிட, பவளத்தின் மேல் கால் ஊன்றாமல் மிதக்க அவளுக்குக் கற்றுக்கொடு. அடுத்த முறை படகுக்காரரிடம் நங்கூரத்தை எங்கே போடுகிறார் என்று கேள். கேட்கிற ஆட்கள் இருந்தால் அவர்களும் நங்கூரம் போடாமல் படகை மிதவையில் கட்டத் தொடங்குவார்கள்.

பவளத்தை நாற்றுவிட்டு நடுகிறார்களே என்று நம்பிக்கையோடு எழுதியிருந்தாய். அந்த வேலை செய்கிறவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் 2023 கோடையில் ஃப்ளோரிடாவில் கடல் கொதித்தபோது, நீருக்கடியில் வளர்த்த நாற்றுகளை அவசரமாகத் தூக்கிக் கரையிலிருந்த தொட்டிகளுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் விடும் புகைதான் கடலைச் சூடாக்குகிறது. அது குறையாமல் நாற்று மட்டும் நட்டால் இந்தக் கதிதான்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதில் ஒரு சுயநலமும் இருக்கிறது. உன் மாப்பிள்ளை துறைமுகக் கட்டுமான வேலையில் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே. வருஷத்தில் குறிப்பிட்ட சில இரவுகளில், பௌர்ணமி கழிந்ததும், ஒரு திட்டிலுள்ள பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் விடும். அந்த நாட்களில் நீரில் சேறு மிதந்தால் அந்த வருஷத்துத் தலைமுறைக்கே கேடு. மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தச் சில நாட்களுக்குத் தூர்வாரலை நிறுத்தி வைக்கும் நிபந்தனை பல திட்டங்களில் உண்டு. அவருடைய வேலையிடத்துக்கு அருகே பவளம் இருக்கிறதா, இருந்தால் இப்படி ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறாயா? இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி எடுத்துச் சொல்லத் தேவையான ஆய்வுகளை நான் திரட்டித் தருகிறேன். மாமியார் சொல்லி மாப்பிள்ளை கேட்பாரா என்று தெரியாது. ஆனால் உன் பேச்சைத் தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று விடுதி நாட்களிலிருந்தே நான் அறிவேன்.

அந்தப் படம் எடுத்த தேதியும், முடிந்தால் இடத்தின் ஆழமும் எழுது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் யாராவது போனால் அதே இடத்தை மறுபடி படமெடுக்கச் சொல். அந்தப் பவளங்கள் நிறம் திரும்பினவா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் மீனாட்சி