கையால் தைக்கும் டி-ஷர்ட்: அக்காவுக்கு ஒரு கடிதம்

ஃபுளோரன்ஸ், அலபாமா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? இந்த ஊரில் டி-ஷர்ட்டைக் கையாலேயே தைக்கிறார்கள் என்றதும், "ஓரத்தைச் சுற்றி மெஷினில் ஓவர்லாக் அடிக்காமல் பனியன் துணி எப்படி நிற்கும்?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

டென்னசி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரும் ஒரு காலத்தில் நம்ம திருப்பூர் மாதிரி டி-ஷர்ட் கம்பெனிகளால் பிழைத்த ஊர்தான். 1994-இல் மெக்சிகோ, கனடாவோடு வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, தையல் தெரிந்த பெண்கள் வேலையில்லாமல் நின்றார்கள். இந்த ஊரில் பிறந்த நாட்டலி சானின் என்ற டிசைனர் 2000-இல் பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டிக் கையால் தைக்க ஆரம்பித்தார். ஒட்டுப்போர்வை தைத்துப் பழகிய கைகளைத் தேடி நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பினார். 2006-இலிருந்து அந்தத் தொழில் அலபாமா சானின் என்ற பெயரில் நடக்கிறது. ஓர் உடுப்பு நூற்றுக்கணக்கான டாலர். ஆனால் முறையை ஒளித்து வைக்காமல் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் வீட்டில் உட்கார்ந்து ஆசைக்குத் தைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

துணிக்கு, பழைய துணிக் கடையில் ஆண்களின் பெரிய சைஸ் டி-ஷர்ட் வாங்குவார்கள். சதுர கஜத்துக்கு 5.3 அவுன்ஸ் எடை என்று போட்டிருந்தால் அது நம்ம 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். நூறு சதவீதம் காட்டன் சிங்கிள் ஜெர்சியாக, அதாவது சாதாரண பனியன் துணியாக இருக்கணும். லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்தது வேண்டாம், தைத்த பிறகு துணி சுருண்டு திரும்பும், கோடெல்லாம் நெளியும். வெட்டுவதற்கு முன்னால் கட்டாயம் அலசணும். இங்கே பெரும்பாலும் கொடியில் காயப்போடுவதில்லை, டிரையர் சூடுதான். முன்பே அலசிச் சுருங்க வைக்காத துணியில் தைத்தால், பிறகு துணி மட்டும் சுருங்கும், நூல் சுருங்காது, தையல் தொளதொளவென்று நிற்கும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜெர்சி பின்னல் துணி, வெட்டிய ஓரம் நெய்த துணி மாதிரி பிசிறாது, சுருள மட்டும்தான் செய்யும். குறுக்கே வெட்டிய ஓரம் நல்ல பக்கமாகச் சுருளும், நெடுக்கே வெட்டியது உள்பக்கமாகச் சுருளும். அதனால் ஓரத்தை மடிக்கவே வேண்டாம். ஓவர்லாக் அடிப்பது ஓரம் பிரிந்துவிடும் என்பதற்காக மட்டுமில்லையே, துணி இழுபடும்போது தையலும் கூடவே இழுபடணும் என்பதற்கும்தானே. கைத்தையலில் அந்த இழுவையை நூலை விடும் பக்குவத்தில் கொண்டுவரணும். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டன் தைக்கும் கெட்டி நூலை இரட்டையாகக் கோர்ப்பார்கள். அந்த நூல் முறுக்கித் திரித்தது. துணிக்குள் போய்ப்போய் வரும்போது அந்த முறுக்கு ஏறி, நடுவில் முடிச்சு விழும். அதனால் முடிச்சுப் போடுவதற்கு முன், ஊசியிலிருந்து நுனிவரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாலைந்து தடவை நூலை நீவி விடுவார்கள். இரண்டு இழையும் ஒட்டிப் படுத்துவிடும். நூல் கை நீளத்துக்கு மேல் வேண்டாம். முடிச்சு இரண்டு போட்டு, அரை அங்குலம் வால் விட்டு வெட்டணும். சின்ன முடிச்சு ஜெர்சிக் கண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும், வால் குட்டையாக இருந்தால் துவைக்கும்போது அவிழும்.

ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் ஓட்டுத் தையல்தான் போடுவார்கள். ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடைவெளியும் அதே அளவு. நூலை இறுக்காதே, துணிமேல் படிந்தால் போதும். நாலைந்து அங்குலம் தைத்ததும் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பார்: சுருக்கம் விழுந்தாலோ "டிக்"கென்று சத்தம் கேட்டாலோ இறுக்கிவிட்டாய், பிரித்துத் தைத்துவிடு. பவர் டேபிள் தையல் மெஷினில் நூல் இறுக்கமாக ஓடிப் பழகிய கைக்கு இது வர கொஞ்ச நாளாகும். இரண்டு துண்டைச் சேர்க்கும் மூட்டு தொடங்குமிடத்திலும் முடியுமிடத்திலும் ஓரத்தைச் சுற்றி இரண்டு மூன்று தடவை நூல் ஓட்டு. இல்லாவிட்டால் முதலில் வாய் பிளப்பது அங்கேதான்.

கழுத்துக்கு ஓட்டுத் தையல் உதவாது. தலை நுழையும்போது நூல் அறுந்துவிடும். துணிக்குக் குறுக்கே ஒன்றேகால் அங்குல அகலத்தில் பைண்டிங் பட்டை வெட்டி, பாதியாக மடித்து அயர்ன் பண்ணி, கழுத்து ஓரத்தை நடுவில் வைத்து ஹெரிங்போன் தையல் போடுவார்கள். மேலும் கீழுமாகக் குறுக்கிட்டுப் போவதால், துணி விரியும்போது நூலும் விரிந்து கொடுக்கும்.

இனி பூ வேலை. நம்ம ஊரில் அப்ளிக் என்றால் மேலே துணி வைத்துத் தைப்போம். இங்கே தலைகீழ்: அடியில் வேறு நிறத் துணி வைத்து, மேல் துணியை வெட்டி அதைக் காட்டுவது. அதை ரிவர்ஸ் அப்ளிக் என்கிறார்கள். முன்பாகம், பின்பாகம் எல்லாம் தனித்தனியாக இருக்கும்போதே இதை முடித்துவிடணும். சட்டையாகச் சேர்த்த பிறகு செய்தால் மூட்டுத் தடிப்பில் படம் கோணும்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இலை, பூ வடிவத்தை வெட்டி எடு. எந்த இதழும் அரை அங்குலத்துக்குக் குறைவாக வேண்டாம், கத்தரி நுனி நுழையாது. ஃபிலிமை மேல் துணியின்மேல் வைத்து, வெட்டிய ஓட்டை வழியாகத் துணிச்சாயத்தைப் பஞ்சால் மெல்லிசாக ஒத்து. தடிமனாக அப்பினால் ஊசி இறங்காது, துணியும் அட்டை மாதிரி ஆகிவிடும். நன்றாகக் காய்ந்த பின், அடித்துணியை வை. மேலும் கீழும் துணியின் நெடுக்கு ஒரே திசையில் இருக்கணும். மாறினால் ஒன்று இழுபடும்போது மற்றது இழுபடாமல் புடைத்து நிற்கும். சாயத்தின் ஓரத்தை ஒட்டியே ஓட்டுத் தையல் போடு.

வெட்டும் இடம்தான் நெஞ்சு படபடக்கும் இடம். இதழின் நடுவில் இரண்டு துணியையும் விரலால் கிள்ளி உருட்டினால் மேல் துணி தனியாகப் பிரிந்து வரும். அதை மட்டும் தூக்கிப் பிடித்துச் சின்ன வெட்டு வெட்டி, நாலு அங்குல எம்ப்ராய்டரி கத்தரியை உள்ளே விட்டு, தையலுக்கு உள்ளே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளியே வெட்டிக்கொண்டு போ. அதற்கும் கிட்டே போனால் துவைக்கத் துவைக்கத் தையல் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்துவிடும். சாயம் பூசிய அந்த ஒல்லி ஓரம்தான் ஒவ்வொரு இலைக்கும் கரை கட்டியதுபோல் நிற்கும். கருநீலத்தின் மேல் சாம்பல் நிறக் கரை, அடியில் இன்னும் கருத்த நீலம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

சுகர் பீட்ஸ் என்ற குட்டி உருண்டை மணி, பைப் பீட்ஸ் என்ற குழாய் மணி, ஜமிக்கி வைப்பவர்களும் உண்டு. பைப் பீட்ஸின் வெட்டுவாய் கூர்மை, நூலை அறுக்கும். அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சுகர் பீட்ஸ் வைத்துத் தை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் துணிக்கு அடியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், அறுந்தாலும் அந்த ஒரு அங்குலத்து மணியோடு போகும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பிவிடணும்.

உன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் போகிறதே, அதில் ஒரே ஜிஎஸ்எம்மில் இரண்டு நிறம் பொறுக்கி எடுத்து வை. பாப்பாவுக்குக் கையில்லாத பனியனில் ஒரே ஒரு இலைக்கொடியோடு ஆரம்பி. மூன்று இலை தைத்ததும் வெட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, தையல் இறுக்கமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை