கை எட்டும் தட்டில் புத்தகம் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வரவேற்பறைப் புத்தக அலமாரியை அழகுபடுத்துவது குறித்து வெளியான கட்டுரையை வாசித்தேன். புத்தகங்களை அட்டையின் நிறவாரியாக அடுக்கலாம், பல நிறங்கள் கண்ணை உறுத்தினால் முதுகுப்புறத்தைச் சுவரோரம் திருப்பித் தாள்களின் வெண்மை மட்டும் வெளியே தெரியும்படி வைக்கலாம், ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டுச் சிறு பூந்தொட்டியும் பொம்மையும் வைக்கலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. வீடு அழகாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தலைப்புத் தெரியாமல் திருப்பி வைத்த புத்தகத்தை வீட்டில் யாரும் எடுக்கப்போவதில்லை. எடுக்கப்படாத புத்தகம் சென்னைக் காற்றில் நெடுநாள் நல்லபடியாக இருக்கப்போவதும் இல்லை. ஜாபர்கான்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில், ஒரே அலமாரியோடு வாழ்ந்து வருபவள் என்ற முறையில் இது பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அலமாரியின் அளவு. இப்போது கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளில் ஹாலின் ஒரு சுவர் முழுவதும் தொலைக்காட்சிக்காகப் பலகை அடித்து, அதன் இருபுறமும் தட்டுகள் வைத்து, அவற்றையே புத்தக அலமாரி என்கிறோம். தொலைக்காட்சிக்குக் கீழே வரும் பெட்டிக்கு வேண்டிய 15, 16 அங்குல ஆழத்தையே மேலே உள்ள தட்டுகளுக்கும் வைத்துவிடுகிறார்கள். தமிழ்ப் புத்தகங்களில் மிகப் பெரும்பாலானவை டெமி அல்லது கிரவுன் அளவில் வருபவை. டெமி ஏறத்தாழ எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்டது, கிரவுன் அதைவிடச் சிறியது. அவ்வளவு ஆழமான தட்டில் இவற்றை வைத்தால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று தானாகவே அமைந்துவிடுகிறது, பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்கே மறந்துபோகிறது. தன் வீட்டுப் பின்வரிசையில் இருக்கும் அதே புத்தகத்தை ஜனவரி மாதம் நந்தனம் புத்தகக் காட்சியில் மறுபடி வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே வரிசையாக அடுக்கினாலோ, முன்னால் மிஞ்சும் இடத்தில் கேடயமும் கோப்பையும் பீங்கான் யானையும் வந்து உட்கார்ந்துகொள்ள, ஒரு புத்தகத்தை எடுப்பதற்கு மூன்று பொருள்களை நகர்த்த வேண்டியதாகிறது. இரண்டு நாள் நகர்த்துவோம், மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். புத்தகத் தட்டுக்கு 10 அங்குல ஆழம் போதும். இதைத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஹாலில் அரை அடி இடமும் மிச்சமாகும்.

எடையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 3 அடி நீளத் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் 25 முதல் 30 கிலோ வரை ஏறும். பொம்மைகளைத் தாங்குவதற்கென்று அடித்த பலகை இதைத் தாங்காது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டாக இருந்தாலும் இரண்டரை அடிக்கு ஒரு செங்குத்துப் பலகை கொடுப்பது நல்லது. பார்ட்டிக்கிள் போர்டு எனப்படும் மரத்தூள் பலகை, நம் ஊர் ஈரத்தில் ஊதிப் பெருத்து, திருகாணி பிடிப்பு விட்டு, நடுவில் தொய்ந்துவிடும்.

நிறம் பார்த்து அடுக்குவதை முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது புத்தகங்கள் உள்ள வீட்டில் அது நடக்கும். "அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம்" என்று நாமும்தான் தேடுகிறோம். நானூறு உள்ள வீட்டில் அது நடக்காது. ஒரே எழுத்தாளரின் நான்கு நூல்கள் நான்கு நிறத்தில் வந்திருந்தால் அவை நான்கு மூலைக்குப் போய்விடும். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர் உலகத்துக்குச் சொன்ன விதிகள் நம் ஹாலுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் கதை, கவிதை, வரலாறு, சமையலும் மருத்துவமும், அகராதிகள் என்ற பிரிவுகள் மட்டுமே உண்டு. அகராதி நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டும் தட்டில் இருக்கிறது. எழுந்து போய் எடுக்க வேண்டிய அகராதியை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதை என் பிள்ளைகள் படித்த காலத்திலேயே கண்டுகொண்டேன்.

இனி நினைவுப் பொருள்கள். இவற்றை அலமாரியிலிருந்து அகற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. எந்தப் பொருள், எந்தப் புத்தகத்தின் பக்கத்தில், எதற்காக என்பதை யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன். என் தந்தையார் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கும் வேலை பார்த்தவர். ஈய எழுத்துகளை வரியாகக் கோக்க அவர் பயன்படுத்திய கம்போசிங் ஸ்டிக் எங்கள் அலமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில், மூன்று பக்கம் விளிம்பும் நடுவில் நகரும் தடுப்பும் கொண்ட எஃகுத் தட்டு அது. இடது கையில் ஏந்தி, எழுத்து சாயாமல் கட்டைவிரலால் அணைத்துக்கொண்டே வரி சேர்ப்பார்கள். அப்படி விரல் அழுந்தி அழுந்தி ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. அதன் பக்கத்தில் அவர் எழுத்துக் கோத்த ஆறு புத்தகங்கள் நிற்கின்றன. அவற்றில் ஆசிரியர் பெயர் உண்டு, பதிப்பகத்தின் பெயர் உண்டு, கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர்கூட உண்டு; அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது. அந்த ஸ்டிக் அங்கே இருப்பதால்தான் வருபவர்கள் கேட்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம். அதே பொருளைத் தொலைக்காட்சிக்கு மேலே தனியாக வைத்திருந்தால், துருப்பிடித்த ஏதோ ஒரு பழைய சாமான் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கூடவே ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டு ஈய எழுத்துகள் உண்டு. வீட்டுக்கு வரும் குழந்தைகள் 'ழ' எழுத்தை எடுத்து, ஏன் இது திரும்பியிருக்கிறது என்று கேட்பார்கள். உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். தோலில் ஒரு நொடி நேராகப் பதிந்து மறையும் அந்த எழுத்தைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஈயம் என்பதால் உடனே கை கழுவ அனுப்பிவிடுவேன். கழுவிவிட்டுத் திரும்பி வரும் குழந்தை பக்கத்திலுள்ள புத்தகத்தை எடுத்துப் புரட்டாமல் போனதில்லை.

இப்படி அடுக்கும் கலை நமக்குப் புதிதன்று. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் மரப்பாச்சிக்கு ஓர் இடம், செட்டியார் பொம்மைக்கு ஓர் இடம், கலசத்துக்கு ஓர் இடம் என்று முறை உண்டு. வருகிறவர்களுக்கு இது பாட்டி காலத்துப் பொம்மை, இது போன ஆண்டு மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கியது என்று சொல்ல ஒரு சேதியும் உண்டு. ஒன்பது நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம், அடுத்த ஆண்டு புதிதாக அடுக்குகிறோம். புத்தக அலமாரிக்கும் எங்கள் வீட்டில் அதே வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். சரஸ்வதி பூஜைக்கு முந்தைய இரண்டு நாள்களில் ஒவ்வொரு தட்டாக இறக்கித் துடைத்து, ஓர் ஆண்டு முழுவதும் யாரும் எடுக்காதவற்றைத் தனியே பிரித்து, அவற்றில் பிறருக்குப் பயன்படுபவற்றைக் கொடுத்துவிட்டு, மீதியை மறுபடி அடுக்குகிறோம். பொருள்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. யார் தந்தது, எங்கே வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாத பொருளுக்கு அந்த அலமாரியில் இடமில்லை. பணி ஓய்வு விழாக்களில் கிடைக்கும் நெகிழிக் கேடயங்கள் இந்த விதியில்தான் எங்கள் வீட்டை விட்டுப் போயின. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, என் மாமியார் பயணத்தில் கொண்டுவந்து தந்தது என்பதால், பயண நூல்களின் ஓரத்தில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் சொல்லியிருந்த பூந்தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகத் தட்டில் மணி பிளாண்ட் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீட்டுக் காற்றில் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஈரம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். அங்கே தினமும் தண்ணீர் ஊற்றும் தொட்டியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். குளியலறைச் சுவரை ஒட்டியும், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டியும் அலமாரி இருந்தால், பின்னால் ஓர் அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். மேற்கு வெயில் படும் இடமும் கூடாது. முதுகில் உள்ள சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். கண்ணாடிக் கதவு தூசிக்கு நல்லது. ஆனால் பூட்டிச் சாவியைப் பீரோவில் வைப்பதும், மழை ஓய்ந்த வெயில் நாளில்கூடத் திறக்காமல் இருப்பதும் நல்லதல்ல. பழைய புகைப்படங்களைச் சட்டகத்தில் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால் ஈரத்தில் படம் கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஓர் அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள்.

இராமபாணப் பூச்சி பைண்டிங் பசையையும் காகிதத்தின் மாவுப் பசையையும் தின்று வாழ்வது. இருட்டும் அசையாமையும் அதற்கு வேண்டும். அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில் அது குடியேறுவது அரிது. அந்துருண்டையின் நெடி குடும்பம் புழங்கும் ஹாலுக்கு ஏற்றதன்று என்பதால் நாங்கள் வசம்பைப் பொடித்துத் துணி முடிச்சாக வைக்கிறோம். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றோடு கற்பூரம் சேர்த்த முடிச்சு வைக்கும் முறை உண்டு. வேப்பிலை வைப்பவர்கள் அது சருகாக உலர்ந்த பிறகே வைக்க வேண்டும்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் வந்தது. மறுநாள் பார்த்தபோது கீழிருந்து மூன்று தட்டுகள் நீருக்குள் இருந்தன. கனமான புத்தகங்கள் கீழே இருக்க வேண்டும் என்ற முறையில் தொகுப்பு நூல்களை எல்லாம் அங்கேதான் வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டில் என் தந்தையார் வாங்கியவையும் அவற்றில் உண்டு. அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது, அதிலிருந்து வந்தவை முப்பது ஆண்டு கழித்து நீரில் போயின. நனைந்தவை ஊறிப் பெருத்து ஒன்றையொன்று நெருக்கி, இழுத்தால் வராதபடி இறுகிவிட்டிருந்தன. பதற்றத்தில் நான் செய்த பெரிய பிழை, மீட்டவற்றை மொட்டை மாடி வெயிலில் பரப்பியது. சாதாரணத் தாள்கள் நெளிந்துபோயின, வழவழப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கொண்டன. நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒரு தாள் வீதம் வெற்றுத்தாள் கொடுத்து மாற்றி மாற்றி உலர்த்தியிருக்க வேண்டும். அதை ஒருவர் சொன்னபோது பாதிக்கு மேல் போய்விட்டது. சேற்றுக்கோடு படிந்த ஒரு தொகுதியை மட்டும் அப்படியே தட்டில் வைத்திருக்கிறேன். அதுவும் எங்களுக்கு நினைவுப் பொருள்தான்.

அதன் பிறகு அடித்தட்டில் தண்ணீர் கெடுக்க முடியாதவற்றை வைத்தோம்: மாமல்லபுரத்துக் கல் பிள்ளையார், ஊறுகாய் ஜாடி, பித்தளைக் கூஜா. ஆனால் பேரக் குழந்தைகள் தவழ்ந்து நடக்கத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் கை எட்டுவது அந்தத் தட்டு மட்டுமே. அங்கே புத்தகம் இல்லையென்றால் அவர்களுக்கு அந்த அலமாரியே இல்லை. யோசித்து, குழந்தைப் புத்தகங்களைக் கைப்பிடி வைத்த இரண்டு கூடைகளில் நிறுத்தி அடித்தட்டில் வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் நீர் ஏறத் தொடங்கியதும் அவற்றை மாடிப்படிக்குக் கொண்டுபோகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கல் பிள்ளையார் ஓரமாக ஒதுங்கி அங்கேயே இருக்கிறார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அலங்கார நிறுவனங்கள் எடுத்துத் தரும் படங்களுக்குப் பதிலாக, வடசென்னையிலும் தாம்பரத்திலும் வேளச்சேரியிலும் உள்ள வாசகர்களின் ஹால் அலமாரிகளை, படத்துக்காக அடுக்கித் திருத்தாமல், அன்றைக்கு இருக்கும்படியே படம் எடுத்து ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். ஒவ்வொரு படத்தோடும், அதில் உள்ள ஒரு புத்தகத்தையும் ஒரு பொருளையும் பற்றி அந்த வீட்டாரே நான்கு வரி எழுதட்டும். எங்கள் அலமாரியின் படத்தைத் தாங்கள் கேட்கும் நாளில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஜாபர்கான்பேட்டை, சென்னை.